முளையிலே தெரிந்த பயிர்கள்



விளையும் பயிர் முளையிலே தெரியும் என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். அது பொய்யல்ல. ஆனால், முளையிலே தெரிந்த பயிர் எல்லாம் விளைந்து களத்துக்கு வந்து சேர்ந்ததா என்று கேட்டால், நாம் சற்றுத் தயங்கித்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தக் கேள்வியை இன்று குத்துச்சண்டை வீரர்களை வைத்துப் பார்க்கப் போகிறோம்.

ஏன் குத்துச்சண்டை என்று கேட்பீர்கள். உலகத்தில் எந்த நாட்டிலும் ஏழை வீட்டுப் பிள்ளைக்குச் சுலபமாகத் திறக்கிற கதவு அது. விலை உயர்ந்த மட்டை வேண்டாம், பச்சைப் புல்தரை வேண்டாம், இரண்டு கைகள் இருந்தால் போதும் என்று தோன்றும். கதவு திறப்பது சுலபம்தான். உள்ளே போனவர்கள் எந்த நிலையில் வெளியே வந்தார்கள் என்பதே நாம் விசாரிக்க வேண்டிய செய்தி.

நம்மில் பலர் ஜொகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குப் போய் வந்திருப்போம். தேக்கா சந்தையில் சாமான் வாங்கி, சிராங்கூன் சாலை வழியே நடந்து, வீரமாகாளியம்மனையும் பெருமாளையும் கும்பிட்டுத் திரும்பியிருப்போம். பெருமாள் கோயிலுக்குப் பக்கத்தில் கிச்சனர் சாலை பிரிகிறது. அங்கே இன்று பெரியதொரு கடைத்தொகுதி நிற்கிறது. 1923-ஆம் ஆண்டு அந்த இடத்தில்தான் நியூ வேர்ல்ட் என்னும் கேளிக்கைப் பூங்கா திறக்கப்பட்டது. பிறகு 1930-களில் கிம் செங் சாலையில் கிரேட் வேர்ல்டும், கேலாங் பக்கத்தில் ஹேப்பி வேர்ல்டும் வந்தன. கூத்து, நடனம், படக்காட்சி, மல்யுத்தம் என்று எல்லாம் அங்கே உண்டு. அவற்றோடு குத்துச்சண்டையும் உண்டு. கூலிக்காரர், கடைச் சிப்பந்தி, மாலுமி, துரைமார் எல்லோரும் ஒரே மேடையைச் சுற்றி நின்று கூவிய இடம் அது.

அதே வட்டாரத்தில் இன்னும் சற்று நடந்தால் ஃபேரர் பார்க் திடல். 1933 வரை அங்கே குதிரைப் பந்தயம் நடந்தது. பந்தயக் குதிரைகள் புக்கிட் தீமாவுக்குப் போன பிறகு அது மனிதர் ஓடி விளையாடும் திடலாயிற்று. பின்னாளில் அங்கே குத்துச்சண்டைக் கூடமும் இயங்கியது.

இந்த வட்டாரத்தில் ஒரு சாயக் கடையில் பல ஆண்டுகளுக்கு முன்பு நாம் ஒரு பெரியவரைச் சந்தித்தோம். மூக்கு தட்டையாக இருந்தது. ஒரு காது சுருங்கிக் காய்ந்த காளானைப் போல் இருந்தது. பிறந்தது ஜொகூரில் ஒரு ரப்பர் தோட்டம் என்றார். பையனாக இருந்தபோது அவருடைய கை வேகத்தைப் பார்த்த ஒருவர், ஊருக்கு வா, பேர் வாங்கித் தருகிறேன் என்று அழைத்துப் போனாராம். பகலில் மூட்டை தூக்குவது, இரவில் கேளிக்கைப் பூங்காவில் சண்டை போடுவது. முதல் ஆண்டில் எவரும் அவரை நெருங்க முடியவில்லை. காய்ச்சலோடு மேடை ஏறிய இரவுகளும் உண்டாம். எவ்வளவு பணம் கொடுத்தார்கள் என்று கேட்டோம்.

"கொடுத்ததை வாங்கிக்குவேன். எண்ணிப் பார்க்கிற பழக்கம் இல்லை" என்றார்.

மூன்றாம் ஆண்டில் இடது கண் மங்கிற்று. அழைத்துப் போனவர் வேறொரு பையனைத் தேடிக்கொண்டார். நம் பெரியவர் ஒரு கிடங்குக்கு ஜாகா வேலைக்குப் போய், அதிலேயே முடியும் நரைத்துப் போனார். விடைபெறும்போது அவர் சொன்னது நம் காதில் இன்னும் இருக்கிறது.

"கையை நீட்டக் கத்துக் கொடுத்தாங்க தம்பி. எப்ப நிறுத்தணும்னு யாரும் சொல்லித் தரலை."

நேயர்களே, ரப்பர் மரத்தைப் பற்றி உங்களுக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. கன்று நட்டவுடன் யாராவது உளியை எடுப்பார்களா? ஐந்தாறு ஆண்டு காத்திருக்கிறோம். மரம் அரை மீட்டர் சுற்றளவுக்குப் பருத்த பிறகுதான் முதல் வெட்டு. அதன் பிறகும் தினந்தோறும் வெட்டாமல், ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டி மரத்துக்கு ஓய்வு கொடுப்பது பழைய வழக்கம். ஆழமாக வெட்டினால் அன்றைக்கு மங்கு நிறையலாம். ஆனால் மரம் காயப்பட்டு, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். அளவுக்கு மேல் வெட்டினால் ஒரு நாள் பட்டை காய்ந்து பால் நின்றே போகும். நல்ல மரந்தான், கெட்டுப் போயிற்று என்று சொல்வோம். மரமா கெட்டது? வெட்டிய கை அல்லவா கெடுத்தது!

உலகப் புகழ் பெற்றவர்களின் கதையிலும் இதைத்தான் காண்கிறோம்.

பிலிப்பைன்ஸ் நாட்டில் 1901-இல் பிறந்தவர் பிரான்சிஸ்கோ கில்லேடோ. இலோயிலோ நகரத்தில் காலணி துடைத்துப் பிழைத்த பையன். உயரம் ஐந்தடி ஓர் அங்குலந்தான். பாஞ்சோ வில்லா என்ற பெயரில் மேடை ஏறினார். 1923-ஆம் ஆண்டு ஜூன் 18-ஆம் நாள் நியூயார்க்கில், பேர் போன ஜிம்மி வைல்டை ஏழாவது சுற்றில் வீழ்த்தி, பிளைவெயிட் பிரிவில் உலக வீரரானார். ஆசியாவில் பிறந்த ஒருவர் அந்த உயரத்தை எட்டியது அதற்கு முன் இல்லை. இரண்டே ஆண்டு கழித்து, 1925 ஜூலை 4-ஆம் நாள், பல் வீங்கிய முகத்தோடு ஒரு சண்டைக்குப் போனார். தோற்றார். பிறகு மேலும் பற்களைப் பிடுங்கினார்கள். ஓய்வெடுக்கச் சொன்ன மருத்துவரின் பேச்சைக் கேட்காமல் நண்பர்களோடு விருந்தில் திளைத்தார். நஞ்சு தொண்டைக்கு இறங்கியது. ஜூலை 14-ஆம் நாள் அவர் இறந்தபோது வயது 23. எந்தக் கையாலும் அசைக்க முடியாத வீரனை ஒரு சொத்தைப் பல் கொண்டு போயிற்று. பல் வலிதானே என்று கிராம்பை அடக்கிக்கொண்டு வேலைக்குப் போகிற நாம் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

அடுத்தவர் இங்கிலாந்தில் பிறந்த ராண்டி டர்பின். தகப்பனார் பிரிட்டிஷ் கயானாவிலிருந்து வந்த கறுப்பினத்தவர். 1951-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள் லண்டனில் அவர் சுகர் ரே ராபின்சனை வென்றார். ராபின்சன் அதுவரை ஒரே ஒரு முறைதான் தோற்றிருந்தவர். நாடு முழுவதும் டர்பினைக் கொண்டாடியது. ஆனால் அந்தப் பட்டம் 64 நாள்தான் நிலைத்தது. செப்டம்பரில் நியூயார்க்கில் நடந்த மறு சண்டையில் ராபின்சன் அதைத் திரும்பப் பறித்துக்கொண்டார். டர்பினுக்கு அப்போது வயது 23. திரும்ப எழுந்திருக்கலாம். ஆனால் கைக்கு வந்த பணம் எந்த வழியாகப் போயிற்றென்று அவருக்கே தெரியவில்லை. வரிப் பாக்கி கழுத்தை நெரித்தது. பழைய இரும்புக் கிடங்கில் வேலை செய்தார். கூலிக்கு மல்யுத்தம் போட்டார். 1966-இல், தம்முடைய 37-ஆம் வயதில், தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். அவருக்குக் குத்துவிடத் தெரிந்தது. கணக்குப் பார்க்கத் தெரிந்த, நம்பத்தக்க ஒருவர் பக்கத்தில் இல்லை.

மூன்றாமவர் அமெரிக்காவின் ஜேம்ஸ் டக்ளஸ், செல்லப் பெயர் பஸ்டர். தகப்பனாரும் குத்துச்சண்டை வீரர். உடல்வாகும் திறமையும் பிறவியிலேயே வாய்த்தவர். பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: எல்லாம் இருக்கிறது, மனம் மட்டும் நிற்கவில்லை. 1990-ஆம் ஆண்டு ஜனவரியில் அவருடைய தாயார் காலமானார். அந்தத் துக்கத்தோடு பிப்ரவரி 11-ஆம் நாள் டோக்கியோவில், அதுவரை தோல்வியே காணாத மைக் டைசனின் எதிரே நின்றார். அன்று அவரிடம் இருந்தது அனைத்தும் வெளிப்பட்டது. பத்தாவது சுற்றில் டைசன் விழுந்தார். உலகம் வாயடைத்து நின்றது. எட்டு மாதம் கழித்து, இரண்டு கோடி டாலருக்கு மேல் கூலி பேசிய சண்டை. டோக்கியோவில் 105 கிலோ இருந்தவர் அன்று ஏறத்தாழ 112 கிலோ இருந்தார். ஹோலிஃபீல்ட் அவரை மூன்றாவது சுற்றிலேயே வீழ்த்தினார். 1994-இல் சர்க்கரை நோயால் நினைவிழந்து சாவின் விளிம்பு வரை போய்ப் பிழைத்தார். வாழ்நாள் முழுதும் வெளிப்பட வேண்டிய திறமை ஓர் இரவில் வெளிப்பட்டு மறைந்தது.

ஒருவருக்கு உடம்பைக் கவனிக்கத் தெரியவில்லை. ஒருவருக்குப் பணத்தைக் காக்க ஆளில்லை. ஒருவருக்கு வெற்றிக்குப் பிறகு என்ன என்ற எண்ணம் இல்லை. மூவருக்கும் திறமை குறைவாக இருந்ததா? இல்லவே இல்லை.

இனி நமக்குப் பக்கத்தில் ஒருவரைப் பார்ப்போம். சிங்கப்பூரைச் சேர்ந்தவர் சையது அப்துல் காதர். 48 கிலோ எடை கொண்ட சிறிய உடம்பு. 1972-ஆம் ஆண்டு ஜெர்மனியில் மியூனிக் நகரில் நடந்த ஒலிம்பிக்கில் சிங்கப்பூருக்காகக் குத்துச்சண்டை மேடை ஏறினார். 1974-இல் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் நடந்த காமன்வெல்த் போட்டியில் வெண்கலப் பதக்கம் பெற்றார். அந்த நாளில் நம் பக்கத்து விளையாட்டு வீரர்கள் பிழைப்புக்கு வேறு வேலை பார்த்துக்கொண்டே, மிச்ச நேரத்தில் பயிற்சி செய்தவர்கள். அப்படி இருந்தும் அவர் அந்த அளவுக்குப் போனார். மேடையிலிருந்து இறங்கிய பிறகு பயிற்சியாளரானார். நாட்டு அணியைப் பயிற்றுவித்தார். பிறகு தம் பெயரில் ஒரு பள்ளி நடத்திச் சிறுவர் சிறுமியருக்குக் கற்றுக் கொடுத்தார். தாம் எட்டாத உயரம் எது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் தம்முடைய கலையைத் தம்மோடு முடிந்துபோக அவர் விடவில்லை.

சென்னையிலும் இத்தகைய கதை உண்டு. வடசென்னையின் துறைமுகத்தையும் ஆலைகளையும் சுற்றி வாழ்ந்த உழைப்பாளர் நடுவே சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று குத்துச்சண்டைக் குழுக்கள் வளர்ந்தன. 2021-இல் வந்த திரைப்படத்தின் மூலம் பலரும் அந்தப் பெயரை அறிந்திருப்பீர்கள். அந்தக் குடிசைகளிலிருந்து புறப்பட்ட நல்ல வீரர்களில் சிலரைக் குடி விழுங்கியது. சிலர் பிறருக்காகக் கை ஓங்கும் அடியாட்களாகப் போய்க் காணாமற் போனார்கள். அதே சென்னையிலிருந்து போன வி. தேவராஜன் 1992-இல் பார்சிலோனா ஒலிம்பிக்கில் பங்கெடுத்தார். 1994-இல் பாங்காக்கில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் வெண்கலம் வென்றார். மண் ஒன்றுதான். ஒரு விதை முளைத்தது, பல விதைகள் மிதிபட்டன.

நம் நாட்டிலேயே 1998-ஆம் ஆண்டு கோலாலம்பூரில் நடந்த காமன்வெல்த் போட்டியில் சாப்போக் பிக்கி தங்கம் வென்றதை நினைத்துப் பாருங்கள். காதர் வெண்கலம் பெற்ற அதே 48 கிலோ பிரிவுதான். சிறிய உடம்பு ஒரு குறையே அல்ல. இது ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் உரிய பேச்சும் அல்ல. இந்தியாவின் மணிப்பூரில் வயல் வேலை செய்த பெற்றோருக்குப் பிறந்த மேரி கோம் ஆறு முறை உலக வீராங்கனையானார். பெண்கள் குத்துச்சண்டை முதன்முதலாகச் சேர்க்கப்பட்ட 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் பெற்றார். அவர் இரட்டைப் பிள்ளைகளைப் பெற்ற பிறகும் மேடை ஏறியவர்.

சரி, நம் வீட்டில் ஒரு பிள்ளை இருக்கிறான். கை வேகமாக இருக்கிறது. கால் ஓரிடத்தில் நிற்பதில்லை. பக்கத்து லயத்துப் பையன்களை எல்லாம் மடக்கி விடுகிறான். நாம் என்ன செய்வது? ரவுடியாகப் போகிறான் என்று அடித்து உட்கார வைப்பது ஒரு வழி. சாம்பியன் ஆகப் போகிறான் என்று யார் அழைத்தாலும் அனுப்பி விடுவது இன்னொரு வழி. இரண்டுமே கேடு. நாம் சில கேள்விகளைக் கேட்கப் பழக வேண்டும்.

முதல் கேள்வி, கற்றுக் கொடுப்பவர் யார்? தெருவில் சவால் விடுகிற ஆளா, சங்கத்தில் பதிவு பெற்ற பயிற்சியாளரா? நல்ல பயிற்சியாளர் முதல் மாதத்தில் எதிராளியோடு மோத விடமாட்டார். கயிறு தாண்டவும், கால் எடுத்து வைக்கவும், அடி படாமல் விலகவும் சொல்லித் தருவார். வந்த வாரமே மேடை ஏற்றுகிறவர் உங்கள் பிள்ளையை நினைக்கவில்லை, வசூலை நினைக்கிறார்.

இரண்டாவது, உடம்பைப் பார்ப்பவர் யார்? இதை நாம் ஒளிக்காமல் பேச வேண்டும். குத்துச்சண்டை தலையைக் குறி வைக்கிற விளையாட்டு. பல ஆண்டு அடி வாங்கிய மூளை மெல்ல மெல்லக் கெடுகிறது என்பதை 1928-லேயே ஓர் அமெரிக்க மருத்துவர் எழுதினார். 1982-இல் கொரிய வீரர் கிம் துக் கூ சண்டையில் பட்ட அடியால் இறந்தார். அதன் பிறகே உலகப் பட்டச் சண்டைகள் 15 சுற்றிலிருந்து 12 சுற்றாகக் குறையத் தொடங்கின. ஆகவே தலையில் அடிபட்டு மயங்கி விழுந்த பிள்ளையை அன்றே மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். தலைவலி நிற்காமை, வாந்தி, தடுமாற்றம், பேச்சுக் குழறல், அளவு மீறிய தூக்கம் இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்கக் கூடாது. மருத்துவர் அனுமதிக்கும் வரை, குறைந்தது ஒரு மாதத்துக்காவது, கையுறையைத் தொட விடாதீர்கள். எடையைக் குறைக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்கச் சொன்னால், அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

மூன்றாவது, பணக் கணக்கு யார் கையில்? எதிலும் கையெழுத்துப் போடுமுன் படித்தவர் ஒருவரிடம் காட்டுங்கள். பள்ளி ஆசிரியர் இருக்கிறார், தொழிற்சங்கக் கிளைத் தலைவர் இருக்கிறார். வருகிற காசு பிள்ளையின் பெயரிலேயே வங்கியில் இருக்கட்டும்.

நான்காவது, சண்டை நின்ற பிறகு என்ன? வீரனுடைய காலம் பத்துப் பன்னிரண்டு ஆண்டு. வாழ்க்கை அதற்குப் பிறகும் நாற்பது ஆண்டு கிடக்கிறது. படிப்பை விடக் கூடாது. ஒரு கைத்தொழிலாவது கற்றிருக்க வேண்டும். படிப்பை நிறுத்தினால்தான் சாம்பியன் ஆகலாம் என்று சொல்கிறவரை நம்பாதீர்கள்.

இவ்வளவும் செய்தால் பிள்ளை உலக வீரன் ஆகிவிடுவானா? அப்படி நாம் வாக்குக் கொடுக்க முடியாது. ஆயிரம் பேர் மேடை ஏறினால் பெயர் நிலைப்பவர் ஒருவரோ இருவரோ. ஆனால் மற்றவர்கள் முழு உடம்போடும், தெளிந்த புத்தியோடும், கையில் ஒரு தொழிலோடும் வீடு திரும்பலாமே! அதற்குத் திறமை போதாது. பக்கத்தில் நிற்கிற பெரியவர்கள் வேண்டும்.

சிராங்கூன் சாலையில் நாம் சந்தித்த பெரியவரை மறுபடியும் தேடிப் போனோம். சாயக் கடை இருந்தது. அவர் வருவது நின்று வெகு நாளாயிற்று என்றார்கள். கடைக்காரருக்கு அவர் ஒரு காலத்தில் குத்துச்சண்டை போட்டவர் என்பதே தெரியாது. ஜாகா வேலை பார்த்த தாத்தா என்று மட்டும் தெரிந்திருந்தது.

ஒரு தோட்டத்தில் முளைத்த நல்ல கன்று அது. உளியை எப்போது வைப்பது, எப்போது எடுப்பது என்று தெரிந்த ஒரு கை அன்று அவருக்குக் கிடைக்கவில்லை. மரத்துக்கு அதைச் செய்யத் தெரிந்த நமக்கு, பிள்ளைக்குச் செய்வது கடினமா என்ன?